றியாலில் எழுதிய கல்யாணக் கணக்கு

கல்முனைப் பகுதியில் நடைபெறும் ஒரு கல்யாணத்தின் செலவை அறிய விரும்புகிறவர் கல்முனையில் விசாரித்துப் பயனில்லை. தோஹாவிலோ ஜித்தாவிலோ குவைத்திலோ, ஆறேழு பேர் படுத்துறங்கும் ஓர் அறையில், வேலை முடிந்து வந்து கட்டிலின் விளிம்பில் அமர்ந்தபடி தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனிடமே அக்கணக்கு இருக்கிறது. மணமகளும் பந்தலும் விருந்தும் இங்கே. வரவுப் பக்கம் மட்டும் கடலுக்கு அப்பால். 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று எமக்கு மழையையும் வெயிலையும் போல இயல்பாகிவிட்டது. இயல்பாகிவிட்ட ஒன்றைப் பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை என்பதனாலேயே இதை எழுத முற்பட்டேன்.

என் தம்பி கட்டாரில் சாரதி. எங்கள் வாப்பா மருதமுனையில் தறி நெய்தவர். சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திய தம்பி, சில காலம் வாப்பாவுடன் தறியில் இருந்து பார்த்தான். ஆலைத் துணியோடு போட்டியிட்டுக் கைத்தறியால் ஒரு குடும்பம் வாழலாமென்ற நம்பிக்கை தீர்ந்தபின், 2018ஆம் ஆண்டின் இறுதியில் தோஹாவுக்குப் போனான். கடைசித் தங்கைக்கு வீடு கட்டும் பொறுப்பு அவனுடையதாயிற்று. பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றுப் பட்டம் பெற்ற மூத்தவனாகிய என்னுடைய ஆசிரியச் சம்பளம் வங்கிக் கடனுக்கு உத்தரவாதமாக மட்டும் பயன்பட்டது. (இலக்கணம் கற்பித்துச் சீமெந்து வாங்க முடியாதென்பதை என் மாணவர்கள் எனக்கு முன்னரே உணர்ந்திருக்கிறார்கள். உயர்தர வகுப்பில் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருப்போர் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் தயக்கமின்றி உயரும்.)

வெளியூர் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் கரையோரத்தில் மணமகள் கணவன் வீடு செல்வதில்லை. மாப்பிள்ளையே மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுகிறான். எனவே ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வீடு வேண்டும். மூத்தவளுக்குத் தாயின் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் இன்னொரு வீடு எழுப்பி அதற்குப் பெயர்வர்; அடுத்தவளின் கல்யாணத்தின்போது அதையும் கொடுத்துவிட்டு மீண்டும் பெயர்வர். நான்கு பெண்களைப் பெற்ற தாயும் தகப்பனும் முதுமையில் ஒரு குசினியின் ஓரத்தில் பாய் விரித்துக் கிடப்பதை எங்கள் ஊர்களில் காணலாம். தாய்வழிக் குடிமுறையின் எச்சமான இவ்வழக்கம் கிழக்கிலங்கைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. மட்டக்களப்புப் பிரதேசத்தில் வழங்கிய முக்குவர் சட்டத்தைப் பிரிட்டோ 1876இல் நூலாக வெளியிட்டார். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் இக்குடிமுறையை எவ்வாறு பகிர்ந்துகொண்டுள்ளனர் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். கலவர காலங்களில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இரு சமூகங்களும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதில் மட்டும் ஒரே நூலைப் படித்தவர்களாக இருந்திருக்கின்றன.

சீதனம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். இந்தியா 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் இயற்றியபோது அதன் கண்முன் இருந்தவள், பணத்தோடும் நகையோடும் அந்நிய வீட்டுக்குள் தனியாகச் செல்லும் மருமகள். எங்கள் பெண் அவ்வாறு செல்பவளல்லள். தாயும் சகோதரிகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். கணவன் மனைவிக்குள் பிணக்கு முற்றினால் உடுப்புப் பெட்டியோடு படலையைக் கடக்க வேண்டியவன் கணவனே. இந்தப் பாதுகாப்பை நான் சிறிதாக மதிக்கவில்லை. உலகின் பல பாகங்களில் பெண்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கும் ஓர் உரிமை, எங்கள் பாட்டிமாருக்குப் பேச்சின்றிக் கிடைத்திருந்தது.

ஆனால் பாட்டியின் வீடு மண்ணாலும் கிடுகாலும் ஆனது. சுற்றமும் அயலும் சேர்ந்து உழைத்தால் எழும்பிவிடும். இன்றைய வீட்டுக்குச் சீமெந்தும் இரும்புக் கம்பியும் தரையோடும் வேண்டும். அவற்றைச் சுற்றத்தாரின் கைகளால் உண்டாக்க முடியாது, காசு கொடுத்தே வாங்க வேண்டும். கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் நிலத்தில் ஒரு பேர்ச் காணியின் விலை கொழும்பின் புறநகர்களோடு போட்டியிடுகிறது. உரிமையாகப் பிறந்தது விலையாக மாறிய இடம் இதுதான். வழக்கம் பழையதாகவே நிற்கிறது. அதன் அடியில் இருந்த பொருளாதாரம் பெயர்ந்துவிட்டது.

நான் இன்று குடியிருக்கும் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். அது என் மனைவியின் வீடு. அதைக் கட்டியவர் என் மாமி. 1996ஆம் ஆண்டு, நான்கு வயது மகளைத் தன் தாயிடம் ஒப்படைத்துவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். மாதம் முப்பது தினார். ஏழு ஆண்டுகள். பிறருடைய வீட்டின் தரையைத் துடைத்துத் தன் மகளுக்கு ஒரு தரை போட்டார். "ஊடு எழும்பினத நான் கண்ணால காணல்ல மகன். சுவரு எழும்பின படத்தத்தான் கடிதத்துக்குள்ள வெச்சு அனுப்பினாங்க" என்று அவர் ஒருமுறை சொன்னார். 2003இல் திரும்பி வந்து அவ்வீட்டில் ஓராண்டும் சில மாதங்களும் வாழ்ந்தார். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அதை எடுத்துக்கொண்டது.

அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுதியாக உயிரிழந்த மாவட்டம் அது. மாமியின் குடும்பம் உயிர் தப்பியது. கடலோரத்தில் மீண்டும் கட்டக் கூடாதென்று முதலில் வடகிழக்குக்கு 200 மீற்றர் எல்லை விதித்தார்கள், பின்னர் குறைத்தார்கள். அகலமே சில நூறு மீற்றரான ஊர்களுக்கு இந்த அளவுகோல் எவ்வாறு பொருந்தும் என்று யோசித்தவர்கள் குறைவு. ஈற்றில் உள்ளூரில் ஒரு சிறு நிவாரண வீடு கிடைத்தது. கிடைத்தது யார் பெயரில்? குடும்பத் தலைவர் பெயரில். குடும்பத் தலைவர் யார்? படிவத்தின்படி, ஆண். ஏழாண்டு உழைத்தவளின் வீடு, அதற்கு ஒரு செங்கல்லும் வாங்காத கணவனின் பெயரில் மீண்டும் பிறந்தது. எங்கள் மாமா நல்லவர். அது தனி விடயம். தாயிலிருந்து மகளுக்கு என்று தலைமுறை தலைமுறையாக இறங்கிவந்த உடைமையை ஒரு படிவத்தின் ஒரே கட்டம் ஆணுக்கு மாற்றியது. சுனாமிக்குப் பின் கிழக்கில் ஏராளமான குடும்பங்களுக்கு இதுவே நேர்ந்தது; பெண்கள் அமைப்புகள் அப்போதே இதைச் சுட்டிக்காட்டின.

மாமி 2006இல் இரண்டாம் முறையாகக் குவைத்துக்குப் போனார். ஐந்து ஆண்டுகள். நிவாரண வீட்டோடு இரண்டு அறைகள் சேர்ந்தன. 2015இல் எங்கள் கல்யாணத்தின்போது மாமா நன்கொடை உறுதி எழுதி வீட்டை மகளுக்குக் கொடுத்தார். ஆக, என் வீட்டின் விலை பன்னிரண்டு ஆண்டுகள். மனைவியின் நான்கு வயதிலிருந்து பதினொன்று வரையும், பதினான்கிலிருந்து பத்தொன்பது வரையும் தாய் அவளருகில் இல்லை. இதையும் விலையில் சேர்ப்பதா வேண்டாமா என்பது எந்தக் கணக்குப் புத்தகமும் தீர்மானிக்காத கேள்வி. வீடு வேண்டாமென்று ஒரு மாப்பிள்ளை மறுக்கலாமே என்பர் சில இளம் தோழர்கள். மறுத்துவிட்டு அவன் எங்கே போவான்? அவனுடைய தாயின் வீடு அவனுடைய சகோதரிக்குரியது. தனிமனித நேர்மையால் மட்டும் அவிழ்க்க முடியாத முடிச்சு இது.

இப்பொழுது தங்கையின் கணக்குக்கு வருகிறேன். அவள் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்றவள். பட்டம் பெற்றும் வேலை கிடைக்காதவர்களின் நீண்ட வரிசையில் ஒருத்தி. வீட்டு வேலை தொடங்கிய நாள் முதல் ஒரு பயிற்சிக் கொப்பியில் அவளே கணக்கு எழுதினாள். பொருள், ரூபாய் என்ற இரண்டு நிரல்களுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைக் கோடிட்டிருந்தாள். அதன் தலைப்பு "காக்காட மாதம்". தம்பி மாதந்தோறும் அனுப்பும் 1,400 றியாலை ஓர் அலகாகக் கொண்டு, ஒவ்வொரு செலவும் அவனுடைய எத்தனை மாதத்துக்குச் சமம் என்று எழுதுவாள். கதவு நிலைகள் இரண்டு மாதம். கூரை மரமும் ஓடும் ஐந்து மாதம். பொருளியல் நூல்கள் உழைப்பே மதிப்பின் ஊற்று என்று கூறுவதை நான் மேடைகளில் கேட்டிருக்கிறேன். அந்தக் கொப்பியில் அதைக் கண்ணால் கண்டேன்.

2022ஆம் ஆண்டில் அந்த மூன்றாம் நிரல் ஒன்றுதான் நம்பத்தக்கதாக இருந்தது. அவ்வாண்டு மார்ச் 7ஆம் தேதி மத்திய வங்கி ரூபாயை மிதக்க விட்டது. ஏறத்தாழ 200 ரூபாயாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர் சில வாரங்களில் 360ஐ எட்டியது. கட்டார் றியால் டொலரோடு 3.64 என்ற விகிதத்தில் கட்டப்பட்டது. ஆகவே ஐம்பத்தைந்து ரூபாயாக இருந்த ஒரு றியால் நூறை நெருங்கிற்று. தம்பியின் 1,400 றியால் முன்னர் எழுபத்தேழாயிரம் ரூபாய். இப்போது ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். ஊரில் சிலர் எங்களைப் பார்த்து "உங்களுக்கென்ன, டொலர்க்காரர்" என்றார்கள். ஆனால் ஆயிரம் ரூபாயளவில் விற்ற சீமெந்து மூடை அதே வேகத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. கம்பியும் ஓடும் பின்தொடர்ந்தன. ரூபாய் நிரல் வீங்கியது. மாத நிரல் ஏறக்குறைய அப்படியே நின்றது. தம்பியின் ஓட்டம் நீண்டதே தவிர, வீடு அவனை நெருங்கி வரவில்லை.

நாட்டின் கணக்கும் இதே கொப்பியோடு தொடர்புடையதுதான். வெளிநாட்டுத் தொழிலாளர் வங்கிகளின் வழியாக அனுப்பிய பணம் 2020இல் சுமார் 710 கோடி டொலர். அது 2021இல் 550 கோடியாகவும் 2022இல் 380 கோடியாகவும் வீழ்ந்தது. வங்கி விலைக்கும் உண்டியல்காரரின் விலைக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்தபோது, தொழிலாளி தன் வியர்வைக்கு அதிக விலை தந்தவனிடம் சென்றான். அதைத் தேசத்துரோகம் என்று மேடைகளில் பேசியவர்களில் எவரும் கட்டாரின் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றவர்களாகத் தெரியவில்லை. 2021 மார்ச்சில் அந்நாடு நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமே மாதம் ஆயிரம் றியால்தான்.

2023இல் வீடு குடிபுகும் நிலைக்கு வந்தது. மொத்தம் 58 இலட்சம். இதில் தம்பியுடையது 46 இலட்சம். என் பெயரில் பெற்ற வங்கிக் கடன் 7 இலட்சம். வாப்பாவின் தறிகளும் உம்மாவின் வளையல்களும் மீதி 5 இலட்சம். காணி உம்மாவுடையது. மாப்பிள்ளை தம்பியின் நண்பன். தோஹாவில் ஒரு கடையில் கணக்கெழுதுபவன். இருவருக்கும் ஒரே காலத்தில் விடுமுறை கிடைக்கவில்லை. 2020இல் கட்டுநாயக்க விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டிருந்த மாதங்களில் தம்பி பட்ட பாட்டை நினைத்து, விடுமுறையை நம்பி நாள் குறிக்க எவருக்கும் துணிவு வரவில்லை. அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது: கல்யாணத்தைத் தோஹாவிலேயே நடத்தினால் என்ன?

தங்கை கொப்பியின் ஒரே பக்கத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு கணக்கும் எழுதினாள். கல்முனையில் நடந்தால் அறுநூறு பேருக்குச் சாப்பாடு, மண்டபம், சோடனை, இரு பக்கத்து உடுப்பு, வரிசை கொண்டுபோகும் தட்டங்கள், வாகனங்கள் என ஒன்பது இலட்சம். காக்காவின் ஏழு மாதத்துக்கும் மேல். தோஹாவில் நடந்தால் அவளுடைய விமானச் சீட்டு, விசா, ஒரு சேலை, நண்பர்கள் நாற்பது பேருக்கு ஒரு வலீமா விருந்து என மூன்றரை இலட்சம். காக்காவின் மூன்று மாதத்துக்கும் குறைவு. மார்க்கத்தில் தடையில்லை. வாப்பா வலீயாக இருந்து, தம்பியைத் தன் வகீலாக நியமித்தால் போதும். உம்மாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. குரவை இல்லாமல் ஒரு கல்யாணமா என்று இரண்டு நாள் சமைக்காமலே இருந்தார்.

மிச்சம் ஐந்தரை இலட்சம். ஆடம்பரத்தை விட்டுவிடுங்கள், எளிமையாக நிக்காஹ் செய்யுங்கள் என்று மிம்பர்களிலிருந்தும் முற்போக்கு மேடைகளிலிருந்தும் ஒரே குரலில் கூறப்படும் புத்திமதியை நாங்கள் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரும் மகிழ்ச்சியோடு இணங்கினார்கள். இணங்கிய மறுவாரம் அவர்களுடைய மாமா ஒருவர் வந்து தேநீர் அருந்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மிச்சப்படுற காசில மதிலயும் கேட்டயும் முடிச்சுக் குடுத்தா பார்வைக்கு நல்லம்தானே."

எனக்கு இந்தச் சிக்கல் முழுவதும் விளங்கியது அந்த ஒரு வாக்கியத்தில்தான். விருந்தைக் குறைத்துச் சேமித்த பணம் எங்கள் வீட்டில் தங்குவதில்லை. சீதன வீட்டின் சுவருக்குள் போய்ச் சேர்கிறது. புத்திமதி கூறுவோர் ஏழு மாதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஐந்து வருடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கோழியும் சோடனையும் கண்ணில் படும் குற்றங்கள். வீடு "பெற்றோரின் கடமை" என்ற மரியாதைக்குரிய பெயரின் பின்னால் நிற்கிறது. அறுநூறு பேர் உண்ட சோற்றை நான் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் அந்தச் சோற்றில் அயல் வீட்டு ஏழையும் கை வைக்கிறான். மதிலால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை.

சட்டத்தின் நிலையோ விந்தையானது. மார்க்கத்தின்படி மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும். கொடை செல்ல வேண்டிய திசை அது. பதிவுப் புத்தகத்தில் அது பெரும்பாலும் ஒரு சிறு தொகையாக ஒதுங்கிவிடுகிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், எதிர்த்திசையில் செல்லும் கைக்கூலியையும் பெயர் சொல்லியே அங்கீகரித்து, மனைவி அதனைக் காதியிடம் கோரிப் பெற வழிசெய்தது. ஆனால் அச்சட்டம் வரையறுக்கும் கைக்கூலி பணமும் அசையும் பொருளும் மட்டுமே. வீடு அதற்குள் அடங்காது. வீட்டைக் காப்பது உறுதியில் எழுதப்படும் பெயர் ஒன்றே. கல்யாணப் பேச்சில் மதிலைப் பற்றி ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேசுகிறார்கள். பெயரைப் பற்றி ஐந்து நிமிடம்.

எங்கள் பேச்சிலும் அந்த ஐந்து நிமிடம் வந்தது. உறுதியில் மாப்பிள்ளையின் பெயரையும் சேர்த்தால் வங்கிக் கடன் எடுக்க வசதி என்றார் அதே மாமா. வாப்பா என்னைப் பார்த்தார். மாமியின் படிவக் கட்டம் என் நினைவுக்கு வந்து நான் வாய் திறப்பதற்குள், அறைக்குள்ளிருந்து தங்கையின் குரல் கேட்டது: "மாதமெல்லாம் சின்னக் காக்காட. பேரு மட்டும் ரெண்டு பேரடயா?" பெண் பேசியதைக் கேட்டு மாமா சற்றுத் திடுக்குற்றார். மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் கேட்டபோது, அவனுக்கு அப்படியொரு கோரிக்கை இருப்பதே தெரியாது. மதிலும் கட்டப்படவில்லை. ஐந்தரை இலட்சத்தில் என் வங்கிக் கடனின் பெரும்பகுதி அடைந்தது. வளவைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறோம்.

2024 பெப்ரவரியில் தோஹாவில் நிக்காஹ் நடந்தது. இங்கே எங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடித் தொலைபேசியின் முன் குரவையிட்டார்கள். அங்கே அது இரண்டு விநாடி பிந்திக் கேட்டதாம். விசாக் காலம் முடிந்து தங்கை திரும்பி வந்து அவ்வீட்டில் உம்மாவோடு இருக்கிறாள். குடும்ப விசாவுக்குப் போதிய சம்பளம் அவள் கணவனுக்கு இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் அவன் அந்த வீட்டில் வாழ்வான். நுரைச்சோலையில் சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்காகச் சவூதி உதவியில் கட்டிய ஐந்நூறு வீடுகள், யாருக்கு எத்தனை என்ற வழக்கில் சிக்கிப் பல்லாண்டுகள் ஆளின்றிக் காடேறிக் கிடந்ததைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆளில்லாத வீடுகளும் வீட்டுக்காக ஆளை இழந்த குடும்பங்களும் ஒரே கரையோரத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

தம்பிக்கும் இப்பொழுது பெண் பேசியிருக்கிறது. சாய்ந்தமருதில். சென்ற வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கொண்டிருக்கையில் உம்மா சாதாரணமாகக் கேட்டார்: "அவங்கட ஊடு என்ன அளவில நிக்கிது? ஓடு போட்டாச்சாமா?"

தங்கை சோற்றிலிருந்து கையை எடுத்தாள். பெண்ணுடைய காக்கா சவூதிக்குப் போய் எத்தனை வருடம் என்று திருப்பிக் கேட்டாள். உம்மாவுக்குத் தெரியவில்லை.